படம் கண்டு அஞ்சிய அரசு

1835-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் நாள் பிரான்ஸ் நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. எழுத்தில் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புவோர் அதனை முதலில் அச்சிட்டு வெளியிட்டுவிடலாம். அது குற்றமாயின் வழக்குப் பின்னர் வரும். ஆனால் படம் ஒன்றை வெளியிட விரும்புவோர் அதற்கு முன்னதாகவே அரசின் அனுமதியைப் பெற்றாக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. ஐந்தே ஆண்டுகளுக்கு முன்னர் இயற்றிய அரசியல் சாசனமோ, மக்கள் தங்கள் கருத்துகளை அச்சிட்டு வெளியிடும் உரிமை உடையவர் என்றும், தணிக்கை முறை இனி ஒருபோதும் மீளாது என்றும் உறுதி கூறியிருந்தது. அந்த உறுதியை எவ்வாறு தாண்டினார்கள்? அரசு தரப்பினர் கூறிய விளக்கம் கேட்கத்தக்கது. எழுத்து அறிவோடு பேசுகிறது, ஆகவே அது கருத்து. படம் கண்ணோடு பேசுகிறது. கருத்தைப் படமாக்கிப் பலர் முன் வைப்பது கருத்துரைத்தல் ஆகாது. அது ஒரு செயல். ஆகவே கருத்துக்குச் சாசனம் அளித்த காப்பு படத்திற்கு இல்லை என்றார்கள்.

வாதம் எத்தகையதாயினும் அதன் அடியில் கிடந்த அச்சம் மெய்யானது. பாரிஸ் நகரில் சில ஓவியர்கள் கையில் ஒரு கோலையும் முன்னே ஒரு கல்லையும் வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுக் காலம் ஓர் அரசரையும் அவருடைய அமைச்சர்களையும் உறங்க விடாது செய்திருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் ஒனோரே தோமியே. கல்லச்சுக் கலையில் அவருக்கு நிகரானவர் அந்நூற்றாண்டில் இல்லை என்று சொல்வோர் உண்டு. ஓவியத்திலும் அவர் பெரியவர் என்பதை உலகம் கண்டுகொள்ள நெடுங்காலம் பிடித்தது.

தோமியே 1808-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் தென்பிரான்சின் துறைமுக நகரான மார்செய்யில் பிறந்தார். தந்தையார் சன்னல்களுக்குக் கண்ணாடி பதிக்கும் தொழிலாளி. ஆனால் கவிதையில் தீராத பற்றுடையவர். தலைநகரில் தம் புலமைக்கு மதிப்புக் கிடைக்கும் என்று நம்பிப் பாரிசுக்குப் புறப்பட்டார். 1816-இல் மனைவி மக்களும் அவரைப் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தனர். கவிதை நூல் வெளிவந்தது, சோறு வரவில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் சென்ற குடும்பங்களில் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது. பையன் படிப்பை விட்டு வேலைக்குப் போனான்.

முதலில் கிடைத்தது ஒரு கோர்ட் அமீனாவிடம் எடுபிடி வேலை. கறுப்பு அங்கியின் மடிப்புகளைச் சரிசெய்துகொண்டு நடமாடும் வழக்கறிஞர்களையும், அவர்கள் வாயைப் பார்த்தபடி நிற்கும் ஏழை வழக்காளிகளையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அவர் நாள்தோறும் கண்டார். அக்காட்சி அவருடைய உள்ளத்தை விட்டு அகலவே இல்லை. பின்னர்ப் பாலே ரோயால் என்னும் கடைவீதியில் ஒரு புத்தக வியாபாரியிடம் வேலை. அங்கே நின்றபடியே தெருவில் போவோர் வருவோரின் முகங்களைக் கண்ணால் அளந்தார். வரையும் ஆசையை அடக்க முடியாத மகனைத் தந்தையார் அலெக்சாந்தர் லெனுவார் என்பவரிடம் அழைத்துச் சென்றார். 1789-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது கோயில்களிலும் கல்லறைகளிலும் இருந்த சிற்பங்கள் உடைபடாமல் காத்து, அவற்றுக்கு ஒரு காட்சிசாலையே அமைத்தவர் லெனுவார். அவரிடம் முறையாகக் கற்றது சிறிது காலந்தான். ஆயினும் பழஞ்சிற்பங்களின் திண்மை தோமியேயின் கோட்டில் கடைசிவரை நின்றது. அவர் வரைந்த மனிதர்கள் தாளில் ஒட்டிய நிழல்களாகத் தோன்றுவதில்லை. கையால் தொட்டுப் பார்க்கலாம் போல எடையோடு நிற்கிறார்கள்.

வயிற்றுக்கு வழி காட்டியது கல்லச்சு. இத்தொழிலைப் பற்றி இங்கே சற்று விரித்துரைத்தல் நலம். நம்மவர் வீடுகளில் தலைமுறைகளாக மாட்டியிருக்கும் ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும், 1894-இல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் இம்முறையின் ஒரு வகையால் அச்சானவையே. ஜெர்மனியில் செனபெல்டர் என்பவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கண்டுபிடித்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் சிறு உண்மையே இதன் அடிப்படை. நுண்ணிய சுண்ணாம்புக்கல்லை மட்டப்படுத்தி, அதன்மேல் கொழுப்புப் பசையுள்ள கறுப்புக் கோலால் படம் வரைவார்கள். பிறகு வேலம்பிசினும் சிறிது திராவகமும் கலந்த நீரைப் பூசுவார்கள். கல்லை ஈரமாக்கி மை உருளையை ஓட்டினால், கொழுப்புக் கோடுகள் மையை ஏற்கும். ஈரமுள்ள மற்ற இடம் மையைத் தள்ளிவிடும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். செம்பிலும் மரத்திலும் செதுக்குவதற்கு நாட்கணக்காகும் வேலையைக் கல்லில் ஓரிரவில் முடிக்கலாம். பகலில் சபையில் நடந்ததை மறுநாள் காலையில் கடையில் தொங்கவிடலாம். அச்சடித்து முடிந்ததும் கல்லை மணலிட்டுத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டுப் புதிய படத்திற்கு எடுத்துக்கொள்வார்கள். தோமியேயின் படங்கள் நாலாயிரத்திற்குக் கற்கள் நாலாயிரம் இல்லை. நேற்றைய படம் அழிந்த இடத்தில்தான் இன்றைய படம் பிறந்தது.

1830-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருவில் போராடிப் பத்தாம் சார்லஸ் மன்னரை விரட்டினர். லூயி பிலிப் அரியணை ஏறினார். மக்கள் குருதி சிந்தினர். செல்வர்கள் பதவி பெற்றனர் என்னும் கசப்பு விரைவில் பரவிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஷார்ல் பிலிப்போன் என்பவர் 'லா கரிக்கத்தூர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பிலிப்போன் பெரிய ஓவியர் இல்லை. ஆயினும் ஓவியர்களைத் தேடிப் பிடிப்பதிலும், அவர்களுக்குக் கருத்து எடுத்துக் கொடுப்பதிலும், கைதாகும்போது கலங்காதிருப்பதிலும் வல்லவர். லூயி பிலிப்பின் முகம் மேலே சிறுத்துக் கீழே பருத்த முகம். அரசரை அவமதித்ததாக 1831 நவம்பரில் வழக்கு வந்தபோது, பிலிப்போன் நீதிமன்றத்தில் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதல் படம் அரசரின் முகம். நான்காவது படம் பேரிக்காய். "இவற்றுள் எது வரையில் வரைந்தால் குற்றம்?" என்பதே அவர் வாதத்தின் சாரம். தண்டனை தப்பவில்லை. ஆனால் அதன்பின் பாரிஸ் நகரில் சிறுவர்கள் சுவர்தோறும் பேரிக்காய் வரையத் தலைப்பட்டனர். பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பேரிக்காய் என்பதற்கு ஏமாளி என்ற பொருளும் உண்டு.

பிலிப்போன் கண்டெடுத்த மணிகளுள் ஒருவர் தோமியே. 1831 டிசம்பரில், இருபத்துமூன்று வயதில், அவர் 'கார்கந்துவா' என்னும் படத்தை வரைந்தார். கார்கந்துவா பழைய பிரெஞ்சுக் கதையொன்றில் வரும் அரக்கன், உண்டு தீராதவன், நம் கும்பகர்ணனுக்கு உறவு என்றே சொல்லலாம். பேரிக்காய்த் தலையுடன் பெருத்த அரசர் நாற்காலியில் வீற்றிருக்கிறார். அவருடைய வாயிலிருந்து தரைவரை நீண்ட பலகை ஒன்று சாய்ந்திருக்கிறது. கந்தலணிந்த ஏழைகள் கூடைகளில் காசுகளைக் கொட்ட, சுமைக்காரர்கள் அப்பலகைமேல் ஏறி அரசர் வாயில் கொட்டுகின்றனர். நாற்காலிக்கு அடியிலிருந்து பட்டங்களும் பதவிகளும் வெளிவருகின்றன. அவற்றைப் பொறுக்கிக்கொள்ள ஒரு கூட்டம் காத்து நிற்கிறது. அரசருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மானியம் அளிப்பது என்னும் விவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. படம் அழகானது என்று நான் சொல்ல மாட்டேன். தோமியே பின்னர் வரைந்தவற்றோடு ஒப்பிட்டால் இது முரட்டு வேலை. ஆனால் பொருள் விளங்காதவர் ஒருவரும் இல்லை.

அரசாங்கம் படத்தைக் கைப்பற்றி, ஓவியர், அச்சிட்டவர், வெளியிட்டவர் மூவரையும் வழக்கில் நிறுத்தியது. 1832 பிப்ரவரியில் தோமியேக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்தனர். தண்டனை உடனே நிறைவேறவில்லை. அவரும் பேனாவை அடக்கவில்லை என்போம்; அவர் கையில் இருந்தது கொழுப்புக் கோல். ஆகஸ்டு இறுதியில் அவரைப் பெற்றோர் வீட்டிலிருந்து பிடித்துச் சென்று செயின் பெலாஜி சிறையில் அடைத்தனர். இடையில் ஒரு மருத்துவ விடுதிக்கு மாற்றினர். 1833 பிப்ரவரி 14-ஆம் நாள் விடுதலை செய்தனர்.

இப்படங்களை உண்மையில் யார் பார்த்தனர் என்னும் கேள்வி இங்கே எழும். 'லா கரிக்கத்தூர்' இதழின் ஆண்டுச் சந்தா 52 பிராங்க். தொழிலாளி ஒருவன் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. சந்தாதாரர் மிகச் சிலரே. எனின் அரசு எதற்காக நடுங்கிற்று? விடை ஒரு கடையின் சன்னலில் இருந்தது. பிலிப்போனின் மைத்துனர் ஓபேர் என்பவர் வேரோ தோதா என்னும் கடைவழியில் படக்கடை வைத்திருந்தார். புதுப்படம் அச்சானவுடன் அதனைக் கடைச் சன்னலில் மாட்டுவார்கள். கூடை சுமப்பவனும், வண்டி ஓட்டுபவனும், அலுவலகக் குமாஸ்தாவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த அந்நாளில், காசு கொடாமல், எழுத்தறியாமல் படிக்கக்கூடிய பத்திரிகை அந்தச் சன்னல் ஒன்றே. ஒருவன் தனியே அமர்ந்து கட்டுரை படித்தால் தனியே சிந்திப்பான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்தால், சிரித்த பத்துப் பேரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். அமைச்சர்கள் படத்தைச் 'செயல்' என்றதன் பொருள் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கண்டது தவறில்லை. அதற்குக் கண்ட மருந்துதான் தவறு.

1832 டிசம்பர் 1-ஆம் நாள் பிலிப்போன் 'லெ ஷாரிவாரி' என்னும் நாளிதழையும் தொடங்கினார். பாத்திரங்களைத் தட்டி ஒருவர் வீட்டு வாசலில் ஊரார் எழுப்பும் கேலி முழக்கத்திற்கு அப்பெயர். அபராதங்களைக் கட்டுவதற்காகவே மாதந்தோறும் ஒரு பெரிய படம் வெளியிடும் சங்கம் ஒன்றையும் அமைத்தார். தோமியே சட்டசபை உறுப்பினர்களைக் கூர்ந்து நோக்கி, நினைவிலிருந்தே சிறு சிறு களிமண் தலைகளாகப் பிடித்து வண்ணமும் பூசினார். சுடாத மண்ணாலான அத்தலைகளுள் 36 இன்றும் பாரிசில் ஓர்சே காட்சிசாலையில் இருக்கின்றன. பொரித்த கண்களும், தொங்கும் கன்னங்களும், பல்லற்ற வாய்களுமாக அவை ஒரு காலத்தின் ஆட்சிக் கூட்டத்தையே மண்ணில் நிறுத்தியிருக்கின்றன. 1834 ஜனவரியில் வந்த 'சட்டசபை வயிறு' என்னும் படத்தில் அதே முகங்கள் வரிசை வரிசையாக அமர்ந்து உறங்குகின்றன.

அதே ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்ததற்கு இனி வருவோம். லியோன் நகரின் பட்டு நெசவாளர் கிளர்ச்சி பாரிசிலும் எதிரொலித்தது. சில தெருக்களில் தடையரண்கள் எழுந்தன. திரான்ஸ்நோனென் தெருவின் 12-ஆம் எண் வீட்டிலிருந்து சுட்டதில் ஒரு படையதிகாரி காயமுற்றதாகச் சொல்லப்பட்டது. 14-ஆம் நாள் முடிந்து 15-ஆம் நாள் விடியுமுன், படைவீரர்கள் பல குடும்பங்கள் வாழ்ந்த அந்தக் குடியிருப்பில் புகுந்தனர். படுக்கையிலிருந்து எழுந்தோரையும் எழாதோரையும் கொன்றனர். ஆடவர், பெண்டிர், முதியோர், குழவி என்ற வேறுபாடு இல்லை.

தோமியே வரைந்த படம் ஜூலை மாதத் தாளாக வெளிவந்தது. தலைப்பு வெறும் முகவரியும் தேதியுமே: 'திரான்ஸ்நோனென் தெரு, 1834 ஏப்ரல் 15'. கலைந்த படுக்கையின்மேல் முதுகு சாய்ந்து, இரவுச் சட்டையும் குல்லாவும் அணிந்த ஒருவன் தரையில் கிடக்கிறான். அவன் உடலின் கீழே நசுங்கிய நிலையில் ஒரு குழந்தை. இடப்பக்கத்து இருளில் ஒரு பெண்ணின் உடல். வலப்பக்கம் தாளின் ஓரத்தில் ஒரு முதியவரின் தலை மட்டும் தெரிகிறது. கவிழ்ந்த நாற்காலி ஒன்று. ஒரு போர்வீரன் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை, அமைச்சர் இல்லை, பேரிக்காய் இல்லை. சன்னல் வழியே விழுவது போன்ற காலை வெளிச்சம் அந்த வெள்ளைச் சட்டையின்மேல் விழுகிறது. கேலிச்சித்திரக்காரர் என்று பெயர் பெற்ற ஒருவர் இதில் கேலியை முற்றிலும் விலக்கிவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்னாக இப்படத்தைக் குறித்து எழுதிய கவிஞர் போதலேர், இதனைக் கேலிச்சித்திரத்தில் சேர்க்காமல் வரலாற்றில் சேர்த்தார். காவல்துறை கல்லைப் பறிமுதல் செய்தது. அகப்பட்ட பிரதிகளையெல்லாம் அழித்தது. அகப்படாதவை இன்று உலகின் பெரிய காட்சிசாலைகளில் உள்ளன. அந்தத் தெருவின் பெயர் பின்னாளில் வேறொரு தெருவோடு இணைந்து மறைந்துவிட்டது. படத்தின் அடியில் மட்டுமே அது வழங்குகிறது.

1835 ஜூலை 28-ஆம் நாள் அரசரின் ஊர்வலத்தின்மீது ஃபியெஸ்கி என்பவன் பல குழல்கள் இணைத்த துப்பாக்கிப் பொறியால் சுட்டான். அரசர் பிழைத்தார், உடன் சென்றோர் பலர் மாண்டனர். சதிக்கும் சித்திரத்திற்கும் தொடர்பில்லை. ஆயினும் தொடக்கத்தில் கூறிய செப்டம்பர்ச் சட்டம் அச்சினத்தின் சூட்டிலேயே பிறந்தது. சட்டம் வருமுன்னரே, ஆகஸ்டு 27-ஆம் நாள் இதழோடு 'லா கரிக்கத்தூர்' நின்றது.

அரசரை வரைய முடியாது. அமைச்சரை வரைய முடியாது. இனி யாரை வரைவது? தோமியே குடிமக்களை வரைந்தார். ரொபேர் மக்கேர் என்னும் நாடக எத்தன் ஒருவனை எடுத்துக்கொண்டு, அவனையே பங்குத் தரகனாகவும், மருத்துவனாகவும், வழக்கறிஞனாகவும், பத்திரிகை முதலாளியாகவும் நூறு படங்களில் வேடமிட்டு உலவவிட்டார். 1836 முதல் 1838 வரை 'ஷாரிவாரி'யில் வந்த அப்படங்கள், ஆட்சியைத் தொடாமலே ஆட்சி வளர்த்த பண ஆசையைத் தொட்டன. 1841 முதல் 1843 வரை ஐம்பது படங்களில் கிரேக்கப் புராண வீரர்களைத் தொந்தியும் வழுக்கையுமாக இறக்கிவைத்தார். 1845 முதல் வெளிவந்த 'நீதித்துறையினர்' வரிசையில், சிறுவயதில் அமீனாவின் எடுபிடியாய்க் கண்ட அங்கிகள் அனைத்தும் திரும்பி வந்தன. கட்சிக்காரன் தோற்று அழுதுகொண்டிருக்க, நன்றாக வாதிட்டோம் என்னும் நிறைவோடு நடந்து செல்லும் வழக்கறிஞரை அவரைப் போல் எவரும் வரையவில்லை.

இப்படங்களின் அடியிலுள்ள வாசகங்களைக் குறித்து, மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அவ்வாசகங்களுள் பெரும்பாலானவை தோமியே எழுதியவை அல்ல. மக்கேர் வரிசைக்குப் பிலிப்போன் எழுதினார். மற்றவற்றுக்குப் பத்திரிகை அலுவலகத்தில் யாரேனும் எழுதினர். படம் சரியாக இருந்தால் அடியில் எதுவும் எழுதத் தேவையில்லை என்பதே ஓவியரின் எண்ணம் என்பர். வாசகத்தைத் தமிழாக்க முயன்றால் பாதிச் சுவை போய்விடுகிறது. சிலேடைகள் நூற்றைம்பது ஆண்டுகளில் புளித்துவிட்டன. வாசகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால் படம் முன்னிலும் நன்றாகப் பேசுகிறது.

எல்லாப் படங்களையும் புகழ்வதற்கில்லை. 1844-இல் எழுத்துத் துறையில் ஈடுபட்ட பெண்களை இகழ்ந்து நாற்பது படங்கள் வரைந்தார். எழுதுகிறாள் என்பதற்காகவே ஒருத்தியைக் குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் விழவிடும் தாயாகக் காட்டுவது, கார்கந்துவாவை வரைந்த கைக்கு அழகில்லை. வாரந்தோறும் கல்லை நிரப்பியாக வேண்டிய தொழிலில், ஊர் சிரிப்பதையெல்லாம் தானும் சிரிக்கும் சோர்வு வந்துவிடுகிறது போலும்.

'ஷாரிவாரி'யின் பெயர் கடல் கடந்தும் சென்றது. 1841-இல் இலண்டனில் தோன்றிய 'பஞ்ச்' இதழ் தன்னை 'இலண்டன் ஷாரிவாரி' என்று சொல்லிக்கொண்டது. 'பஞ்ச்' என்னும் பெயரை ஏற்று 1877-இல் லக்னோவில் உருது மொழியில் 'அவத் பஞ்ச்' எழுந்தது. பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்' வந்தது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்திற்கு வழிகாட்டிய இதழ்களுள் பாரதியாரின் 'இந்தியா' முதன்மையானது. சென்னையில் ஆங்கில ஆட்சியின் கெடுபிடி தாளாமல் 1908-இல் அது புகலிடம் தேடியது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் என்பதும் நினைவுகூரத்தக்கது.

1848 பிப்ரவரியில் மீண்டும் புரட்சி. லூயி பிலிப் இங்கிலாந்துக்கு ஓடினார். அரண்மனை அரியணையில் குதித்து அமர்ந்து, 'அட, உள்ளே அமுங்குகிறதே' என்று மகிழும் தெருச்சிறுவனைத் தோமியே வரைந்தார். புதிய குடியரசு தன் உருவத்தை ஓவியமாக்க ஒரு போட்டி நடத்திற்று. அவர் ஒரு வண்ணப் படிவம் அனுப்பினார். கொடி ஏந்தி வீற்றிருக்கும் வலிய பெண்ணொருத்தி. இரு குழந்தைகள் அவளிடம் பால் அருந்துகின்றனர். மூன்றாவது குழந்தை காலடியில் அமர்ந்து படிக்கிறது. தேர்ந்தெடுத்த இருபது படிவங்களுள் அது பதினோராம் இடம் பெற்றது. பெரிய அளவில் தீட்டித் தரக் கேட்டனர். அவர் அதை முடிக்கவே இல்லை. அந்தச் சிறிய படிவத்தை இன்று ஓர்சே காட்சிசாலையில் காணலாம்.

இந்த முடிக்காமை அவருடைய வாழ்வின் பெருந்துயரம். நாற்பது வயதுவரை கல்லே அவருக்குச் சோறு. ஓவியம் தீட்டுவதற்கு எஞ்சியது கல்லைக் கொடுத்தனுப்பிய பிறகு கிடைத்த நேரம். 1846-இல் தையல் தொழில் செய்த அலெக்சாந்திரின் என்னும் பெண்ணை மணந்து, பாரிசின் நடுவே செயின் நதி சூழ்ந்த சிறு தீவில் குடியிருந்தார். அவர் வீட்டருகே நதிக்கரைப் படிகளில் துணி துவைக்கும் பெண்கள் ஏறியிறங்குவர். நனைந்த துணி மூட்டையின் பாரத்தால் ஒரு தோள் சாய்ந்து, மற்றொரு கையால் குழந்தையின் கையைப் பிடித்து மேல்படிக்கு ஏற்றிவிடும் தாயை அவர் மீண்டும் மீண்டும் தீட்டினார். படி உயரம், குழந்தையின் கால் சிறிது. முகம் தெளிவாக வரையப்படவில்லை. வரையத் தேவையும் இல்லை.

இதற்கிடையே அரசியல் மறுபடியும் இருண்டது. லூயி நெப்போலியனுக்காக ஆள் திரட்டிய அடியாட்களின் வகையை 'ரத்தப்புவால்' என்னும் சிலையாக 1850-இல் பிடித்தார். கந்தல் கோட்டும், நசுங்கிய தொப்பியும், கையில் தடியுமாக நெளிந்து நிற்கும் அச்சிலை, வரப்போவதை முன்கூட்டியே கண்டது. 1851 டிசம்பர் 2-ஆம் நாள் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பறித்து, மறு ஆண்டே பேரரசரானார். படத் தணிக்கை திரும்பிவிட்டது. தோமியே மறுபடியும் மழைக்கு ஒதுங்கும் குடும்பங்களையும், ரயிலைத் தவறவிட்ட பயணிகளையும் வரையத் தொடங்கினார். வாசகர் சலித்தனர் என்று காரணங்காட்டி, 1860-இல் 'ஷாரிவாரி' அவரை விலக்கிற்று. வருமானம் நின்றது, ஆனால் நேரம் கிடைத்தது. பெருமை வாய்ந்த ஓவியங்கள் பல அந்த வறுமைக் காலத்தவையே. 1863 இறுதியில் பத்திரிகை மீண்டும் அழைத்துக்கொண்டது.

அவ்வாண்டுகளில் தீட்டியது 'மூன்றாம் வகுப்பு வண்டி'. முன்வரிசைப் பலகையில் நடுவே ஒரு மூதாட்டி, மடியில் கூடையும் அதன்மேல் கோத்த கைகளுமாக நேரே நோக்கி இருக்கிறாள். ஒரு பக்கம் குழந்தைக்குப் பாலூட்டும் இளந்தாய். மறுபக்கம் உறங்கிவிட்ட சிறுவன். பின்னே முதுகுகளும் தொப்பிகளும். யாரும் யாரோடும் பேசவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில் உள்ள படிவம் முற்றுப்பெறாதது. படத்தைப் பெரிதாக்க இட்ட கட்டக் கோடுகள் மூதாட்டியின் உருவத்தின் ஊடே இன்றும் தெரிகின்றன. கானடாவில் உள்ள மற்றொரு படிவம் நிறைவானது. எனக்கு முற்றுப்பெறாததே பிடிக்கிறது. 1974-இல் நம் நாட்டு ரயில்களில் மூன்றாம் வகுப்பு நீங்கும்வரை, சென்னையிலிருந்து தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ அதில் பயணம் செய்த நேயர்களுக்கு அந்த மூதாட்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

1865-இல் பாரிஸ் வாடகை தாளாமல் வால்மொந்துவா என்னும் சிற்றூருக்குப் போனார். ஓவியர் கோரோ அங்கே அவருக்கு ஒரு வீடு கிடைக்க உதவினார் என்பர். 1870-இல் பேரரசு அவருக்கு 'லெஜியன் தொனேர்' விருதளிக்க முன்வந்தது. அதே விருதை ஓவியர் கூர்பே ஊரறிய மறுத்துப் பெரும் பரபரப்பு ஏற்படுத்தினார். தோமியே ஓசையின்றி மறுத்தார். சில மாதங்களில் பிரஷ்யப் போர் வந்தது; பேரரசு வீழ்ந்தது; பாரிஸ் முற்றுகைக்குள்ளாயிற்று. அறுபத்திரண்டு வயதில், கண்பார்வை மங்கத் தொடங்கிய நிலையில், அவர் மீண்டும் கல்லுக்குத் திரும்பினார். 'பேரரசு என்றால் அமைதி' என்று லூயி நெப்போலியன் ஒருகாலத்தில் முழங்கிய சொல்லை எடுத்து, இடிந்த வீடுகளும் பிணங்களுமான ஓர் ஊரின்கீழ் எழுதினார். 1871 ஜனவரியில் வந்தது அவற்றுள் மிக உயர்ந்தது. எல்லையற்ற ஒரு வெளி முழுவதும் வரிசையாக இறந்தோர் உடல்கள். அதன் முன்னே போர்வையால் மூடிய ஒரு பெண் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவள் பிறந்திருக்கும் புத்தாண்டு. கிடப்பவை பழைய ஆண்டு விட்டுச் சென்ற சொத்து. சில கோடுகளே உள்ள படம். திரான்ஸ்நோனென் தெருவுக்குப் பின் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே கை அதே மௌனத்திற்கு வந்து சேர்ந்தது.

1872-க்குப் பின் அவர் கல்லச்சுப் படம் வரையவில்லை. கண்கள் பெரும்பாலும் அவிந்துவிட்டன. 1877-இல் குடியரசு ஒரு சிறு உதவித்தொகை அளித்தது. 1878 ஏப்ரலில் நண்பர்கள் சேர்ந்து துராந்த் ருவேல் ஓவியக்கூடத்தில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். முதுபெருங்கவிஞர் விக்தோர் ஹியூகோ குழுவின் கௌரவத் தலைவர். கல்லச்சுக் கேலிக்காரர் என்று அறிந்திருந்த ஒருவர் எத்தகைய ஓவியர் என்பதைக் கலையறிந்தோர் அன்றுதான் முதன்முதலாக ஒருங்கே கண்டனர். பார்வையாளர் திரளாக வரவில்லை. நுழைவுக் கட்டணம் செலவைக்கூட ஈடு செய்யவில்லை. மறு ஆண்டு, 1879 பிப்ரவரியில், வால்மொந்துவாவில் அவர் மறைந்தார். அடக்கத்திற்குரிய எளிய செலவை அரசு ஏற்றது. 1880-இல் அவருடைய உடலைப் பாரிஸ் பெர் லஷேஸ் இடுகாட்டுக்குக் கொண்டுவந்து, நண்பர் கோரோவுக்கு அருகே புதைத்தனர்.

படங்களை வெளியிடுமுன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்னும் விதி அவர் இறந்தபோதும் நடைமுறையில் இருந்தது. 1848-இல் ஒருமுறையும் 1870-இல் ஒருமுறையும் அது போய், இருமுறையும் திரும்பி வந்திருந்தது. 1881 ஜூலை 29-ஆம் நாள் நிறைவேறிய பத்திரிகைச் சட்டம் அதனை நீக்கியது.